மண்டையோட்டுக் கொள்ளளவு: கடுகா, சிடி ஸ்கேனா?

சென்னையின் உடற்கூறியல் கூடங்களில் உள்ள உடையாத மண்டையோட்டின் கொள்ளளவை, அதாவது உள்ளே மூளை இருந்த இடத்தின் அளவை, அறியக் கடுகே போதும். கண்குழித் துளைகளையும் நரம்புத் துளைகளையும் பஞ்சால் அடையுங்கள். கவிழ்த்துப் பிடித்து, அடியிலுள்ள பெருந்துளை வழியே கடுகைக் கொட்டித் தட்டி நிரப்பி, பிறகு அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். இன்றைய மனிதருக்குச் சராசரியாக 1350 மி.லி. அளவில் வரும். ஜாடியையும் அதே போலத் தட்டாவிட்டால் அளவு கூடிவிடும். நம்மூர் ஈரக்காற்றில் கடுகு நமுத்து ஒட்டும், காயவைத்தே எடுங்கள்.

புதைபடிவத்தில் கடுகைக் கொட்டவே கூடாது, விளிம்பு உதிர்ந்துவிடும். நர்மதைக் கரை ஹத்னோராவில் 1982இல் கிடைத்த ஆதிமனித மண்டையோடு முழுமையானதும் அல்ல. கொட்டினால் எங்கே நிற்கும்? அங்கே சிடிதான் வழி. இருக்கும் பாதியைத் திரையில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபாதியை ஊகிக்கலாம்.

சிடியில் 0.6 மி.மீ. அடுக்குகளாகப் படம் எடுத்து, '3டி ஸ்லைசர்' என்ற இலவச மென்பொருளில் எலும்புக்கான அடர்த்தி வரம்பை, அதாவது எந்த அடர்த்திக்கு மேல் எலும்பு என்பதை, குறிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். வரம்பு கூடினால் கண்குழியின் மெல்லிய கூரை ஓட்டையாகத் தெரியும். மூளை இருந்த இடத்தை நிரப்பித் திரையில் உருவாக்கும் மூளை உரு கண்குழிக்குள் வழிந்துவிடும். அதைக் கையால் அடுக்கடுக்காக அடைக்க வேண்டும். உள்ளே கல்லாகிய மண் இருந்தால் எலும்பிலிருந்து பிரிப்பது இன்னும் கடினம். ஆனாலும், கடுகு ஒரு எண்ணைத்தான் தரும். சிடியோ மூளை மடிப்புகளும் ரத்தக்குழாய்களும் உள்சுவரில் பதித்த தடங்களையே காட்டும்.