படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு முதல் நாவல்: பொன்னியின் செல்வனா, டோட்டோ-சானா?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, மலேசிய இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு நாவல் வாங்கித் தர வேண்டும் என்று கோலாலம்பூரில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ‘பொன்னியின் செல்வன்’. செந்தூலில் இருக்கும் என் அக்காள் மகளுக்கு நான் ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானிய நூலின் தமிழாக்கத்தை வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

கல்கியின் பெருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும்போதே கதை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்ததால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததைத் தேட வைக்கிறது. நாட்டுடைமையான எழுத்து என்பதால் மதுரைத் திட்டத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சோழர் வென்ற கடாரம் என்று சொல்லப்படும், கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்வந்த பிள்ளைக்குச் சோழர் பெயரும் புதிதல்ல.

ஆனால் படிவம் ஒன்றில் பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். பாடங்கள் மலாய்மொழியில் நடக்கின்றன. தமிழ் வாரத்தில் சில பாடவேளைதான். அதையும் பள்ளி முடிந்த பிறகு வைக்கும் இடங்கள் உண்டு. புறப்பாட நடவடிக்கை, டியூஷன் என்று மாலையும் போய்விடும். கையில் எடுத்த தமிழ்ப் புத்தகம் இரண்டு மூன்று வாரம் மேசையிலேயே கிடக்கும். திரும்ப எடுக்கும்போது தொடர முடிகிறதா என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கிறேன்.

பொன்னியின் செல்வனில் அது கடினம். பழுவேட்டரையர்களில் பெரியவர் யார், சின்னவர் யார், ரவிதாசன் எந்தப் பக்கம், மதுராந்தகனை அரியணை ஏற்ற நினைப்பவர்கள் யார் என்ற சரடு நடுவில் அறுந்தால், பின்னால் புரட்டித் தேட வேண்டும். ஐந்து பாகம் வேறு. பெரியவர்களுக்கு அது சுகம். பன்னிரண்டு வயதில், தமிழ் வாசிப்பே மெல்ல நழுவத் தொடங்கும் பருவத்தில், அப்படித் தேட நேர்ந்தால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

தெத்சுகோ குரோயானாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய டோட்டோ-சானில் ஓர் அத்தியாயம் ஒரு நிகழ்ச்சி. சில பக்கங்களில் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும், ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் தோமோயே பள்ளியும் அதன் தலைமையாசிரியர் கோபயாஷியும் நினைவிருந்தால் போதும். டோட்டோ என்று அழைக்கப்பட்ட சிறுமி குரோயானாகியின் பணப்பை கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடும் அத்தியாயத்தைப் பாருங்கள். நீண்ட பிடி போட்ட அகப்பையால் அவள் அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அவ்வழியே வரும் தலைமையாசிரியர் திட்டவில்லை. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்கிறார். அக்காள் மகள் அதை வாசித்துவிட்டு, அப்படி ஒரு வாத்தியார் நிஜமாகவே இருந்தாரா என்று என்னிடம் கேட்டாள். இருந்தார் என்று சொல்ல முடிந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போலியோ பாதித்த யசுவாகியை டோட்டோ பாடுபட்டுத் தன் மரத்தில் ஏற்றும் அத்தியாயம் இதில் இருக்கிறது. அவன் இறந்துபோவதும் இருக்கிறது. போரில் குண்டுவீச்சில் பள்ளியே எரிந்துபோகிறது. மென்மனம் கொண்ட பிள்ளை என்றால் அந்தப் பக்கங்களைச் சேர்ந்து வாசியுங்கள்.

‘குட்டி இளவரசன்’ பற்றியும் கேட்பார்கள். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்து 1981இல் க்ரியா வெளியிட்டது. மொழி தெளிந்தது, அளவும் சிறியது. அதில் வரும் பாம்பும் கதையின் முடிவும் மனத்தில் இறங்க இன்னும் மூன்று நான்கு வயது கூடட்டும் என்பது என் எண்ணம். கீழடியை வைத்து உதயசங்கர் எழுதி, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற ‘ஆதனின் பொம்மை’யை எந்தப் பிள்ளையிடமும் கொடுத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அதனால் அதைத் தராசில் வைக்கவில்லை.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்து, இரவில் ஓர் அத்தியாயம் உரக்க வாசித்துக்காட்டி, விட்ட கதையை எடுத்துச் சொல்வார்கள் என்றால் என் கணக்கு மாறும். அந்த வீட்டுக்குக் கல்கியையே வாங்குங்கள். முதலில் ‘புது வெள்ளம்’ பாகம் மட்டும்.