வலையா, டிரம்லைனா? பிடிபட்ட சுறாவின் உடம்புக்குள் நடப்பது

கடலில் குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காப்பாற்ற ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1937 முதல் கடலில் வலை போட்டுவருகிறது. பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்து 1962இல் வலையோடு டிரம்லைனையும் சேர்த்துக்கொண்டது. நங்கூரமிட்ட மிதவை, அதிலிருந்து தொங்கும் பெரிய தூண்டில் முள், அதில் இரை, அவ்வளவுதான் டிரம்லைன். சுறா மாட்டியதும் செய்தி அனுப்பும் ஸ்மார்ட் டிரம்லைன், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் உருவானது. அதை 2015 முதல் நியூ சவுத் வேல்ஸ் சோதித்துப் பார்த்து, இப்போது நூற்றுக்கணக்கில் போடுகிறது. எது மனிதருக்குப் பாதுகாப்பு என்ற வாதம் அங்கே ஓயாமல் நடக்கிறது. மாட்டிக்கொண்ட சுறாவுக்கு எது என்ன செய்கிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வலையிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொன்றும் 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். கரையை அடைத்து நிற்கும் வேலி அல்ல இது; சுறா மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் போகலாம். வருகிற சுறாவைச் சிக்கவைப்பதுதான் இதன் வேலை. வெள்ளைச் சுறா போன்றவை முன்னால் நீந்திக்கொண்டே இருந்தால்தான் வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து செவுளைக் கடக்கும். வலை அந்த நீச்சலையே நிறுத்திவிடுகிறது. மூச்சு தடைபட்டதும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது, ரத்தம் அமிலமாகிறது. விடுபடத் திமிறும்போது தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே சக்தியை எரிப்பதால் லாக்டேட் என்ற வேதிப்பொருள் ஏறி, அமிலம் இன்னும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து தாக்குவதுதான் ஆபத்து. செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் கசிந்து இதயத்துடிப்பைக் குலைக்கிறது. இந்த வலைகளை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்ப்பதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. நீந்தியே மூச்சுவிடும் மீனுக்கு மூன்று நாள் என்பது மரண தண்டனைதான். ஓரிடத்தில் கிடந்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளுக்குத் தள்ளத் தெரிந்த போர்ட் ஜாக்சன் சுறா மாதிரி சில இனங்கள் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

சாதாரண டிரம்லைன் இதைவிட ஒரு படி மேல். முள் மாட்டினாலும் கயிற்றின் நீளத்துக்குச் சுற்றிச்சுற்றி நீந்த முடியும், செவுளுக்குத் தண்ணீர் கிடைக்கும். மூச்சு நிற்பதில்லை, போராட்டமும் நிற்பதில்லை. யாராவது படகில் வந்து பார்க்கும்வரை, இரவானாலும், சுறா இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்படி உயிரோடு கிடைத்தவற்றையும் குயின்ஸ்லாந்தில் சுட்டுக் கொன்றார்கள். பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் (கிரேட் பேரியர் ரீஃப்) பூங்காவுக்குள் அதை நிறுத்த 2019இல் தீர்ப்பாயம் ஒன்று தலையிட வேண்டியிருந்தது.

சரி, ஸ்மார்ட் டிரம்லைனில் மாறியது என்ன? முள்ளும் கயிறும் ஏறக்குறைய அதேதான். சுறா இரையை இழுத்ததும் காந்தம் ஒன்று விலகி, செயற்கைக்கோள் வழியாகப் படகோட்டியின் போனுக்குச் செய்தி போகும். அவர் 30 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. காலையில் போட்டு, அன்றே எடுத்துவிடுகிறார்கள். என் கணக்கில் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி அந்த அரை மணி நேரம்தான். இப்படிப் பிடிபட்ட வெள்ளைச் சுறாக்களின் ரத்தத்தைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு, அவற்றின் உடல்நிலையில் பெரிய குலைவு இல்லை என்றது. முள்ளில் இருந்த நேரம் கூடக்கூட லாக்டேட் ஏறியது என்றும் அதே ஆய்வு சொன்னது. முள் என்பதைவிட எவ்வளவு நேரம் முள்ளில் என்பதே பெரிய கேள்வி.

அப்புறம், கையாளும் விதம். சுறாவுக்கு எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். வயிற்று உறுப்புகளைத் தாங்க விலாக்கூடும் இல்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடை, படகின் மேல்தளத்தில் கிடத்தியதும் உள்ளுறுப்புகளை நசுக்குகிறது. சினைச் சுறாவாக இருந்தால் பிடிபட்ட அதிர்ச்சியில் குட்டிகளைக் காலத்துக்கு முன்பே ஈன்றுவிடுவதும் உண்டு. அதனால்தான் நியூ சவுத் வேல்ஸில் சுறாவைத் தண்ணீரிலேயே, படகின் பக்கவாட்டில் கட்டி, அடையாளப் பட்டை பொருத்தி, ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறார்கள். விட்ட கையோடு எல்லாம் முடிந்துவிடாது. லாக்டேட் உச்சம் தொடுவதே பல சமயம் விடுவித்த பிறகுதான். உடம்பு பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். துள்ளி ஓடிய சுறா பிழைத்துவிட்டது என்று அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயக்கமில்லாமல் ஸ்மார்ட் டிரம்லைன் என்பேன். ஆனால் எல்லாச் சுறாவுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்று சொல்லும் சுத்தியல்தலைச் சுறா இதில் தனி ரகம். ஃபுளோரிடாவில் டிரம்லைனில் பிடித்த ஐந்து இனங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில், மிக மோசமாகக் குலைந்தது பெரிய சுத்தியல்தலை. அசராமல் நின்றது புலிச் சுறா. அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் கடலடி ஆயிரங்கால் தூண்டிலில் (ஒரே நீண்ட கயிற்றில் வரிசையாகப் பல முட்கள் கட்டியது) மாட்டிய பெரிய சுத்தியல்தலைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் படகுக்கு வரும்போதே செத்திருந்தன. புலிச் சுறாவில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை. உயிரைக் கொடுத்துத் திமிறும் இனம் சுத்தியல்தலை, அந்தத் திமிறலே அதைக் கொல்கிறது. இத்தனைக்கும் ஸ்மார்ட் டிரம்லைன் தேடுவது வெள்ளை, காளை, புலி என்ற மூன்று இனங்களைத்தான். தவறி மாட்டுகிற சுத்தியல்தலைக்கு அரை மணி நேரமும் அதிகமாகிவிடலாம்.

எனவே சுத்தியல்தலைகள் நிறைய நடமாடும் கரைகளில் முள்ளே வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் கடற்கரைகளில் மேலேயிருந்து டிரோனில் பார்த்து, சுறா தெரிந்ததும் குளிப்பவர்களைக் கரையேற்றுகிறார்களே, அந்த முறையை அங்கே முதலில் வைக்கலாம். கலங்கிய தண்ணீரிலும் பலத்த காற்றிலும் டிரோன் உதவாது. அந்த நாட்களில் கடற்கரையை மூடிவிடலாம்.