வெல்ஸ் கதீட்ரல்: கேமராவோடு போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, பழைய கதீட்ரல் ஒன்றை ஆசை தீரப் படம் எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், சாமர்செட்டில் இருக்கும் வெல்ஸுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். யார்க் நகரத்துக் கதீட்ரல் இதைவிட எவ்வளவோ பெரியது, பெயரும் அதிகம். ஆனால் அங்கே தெருக்கள் கட்டடத்தை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. முகப்பு முழுசாக வர வேண்டுமென்றால் கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டும், பிடித்தால் சுவரெல்லாம் பின்பக்கம் சாய்ந்துவிடும். வெல்ஸில் மேற்கு முகப்புக்கு எதிரே பெரிய புல்வெளி இருக்கிறது, வேண்டிய அளவுக்குப் பின்னால் போய் கேமராவை நேராகப் பிடித்து எடுக்கலாம். கட்டடக்கலைப் படம் எடுக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்த முகப்பை மட்டும் அவசரப்பட்டுக் காலையில் எடுத்துவிடாதீர்கள். மேற்குப் பார்த்தது என்பதால் காலையில் மொத்தமும் நிழல், சிலைகள் எல்லாம் தட்டையாக, ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் செதுக்கியவற்றில் ஏறக்குறைய 300 சிலைகள் இன்னும் அங்கே நிற்கின்றன, அவ்வளவுக்கும் உயிர் வருவது பிற்பகல் வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான். பக்கத்து ஊரான டவுல்டிங்கில் வெட்டிய கல் அந்த வெயிலில் தேன் நிறத்துக்குப் போய்விடும். முழு முகப்பை எடுத்து முடித்ததும் டெலி லென்ஸ் மாட்டிக்கொண்டு மாடம் மாடமாகப் பாருங்கள். ஒரு காலத்தில் இவற்றுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். சிலைகளுக்கு நடுவே சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, குருத்தோலை ஞாயிறு அன்று பாடகர்கள் சுவருக்குப் பின்னால் நின்று பாடினால் சிலைகளே பாடுவது போலக் கீழே கேட்கட்டும் என்று வைத்தவை. ஓட்டை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து எடுத்த படம்தான் என்னிடம் இருக்கும் முகப்புப் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்படியானால் காலையில் என்ன செய்வது? பக்கத்திலேயே இருக்கும் பிஷப் மாளிகைத் தோட்டத்துக்குப் போங்கள். நுழைவுச்சீட்டு தனி, ஆனால் கொடுக்கிற காசு வீண்போகாது. ஊருக்குப் பெயர் தந்த ஊற்றுகள் அங்கேதான் இருக்கின்றன, அந்தக் குளத்தில் கதீட்ரலின் கிழக்குப் பக்கம் அப்படியே தலைகீழாக விழும். காற்று இல்லாத நாளாக இருக்க வேண்டும், லேசாக வீசினாலும் பிம்பம் கலைந்துவிடும். மாளிகையைச் சுற்றி 14ஆம் நூற்றாண்டு அகழி, அதில் அன்னங்கள். வாசல் கோபுரத்து ஜன்னலில் தொங்கும் மணிக்கயிற்றை இழுத்து இரை கேட்க அவற்றைப் பழக்கியிருக்கிறார்கள். அதைப் படம் எடுக்க நேரம் ஒதுக்கலாம், ஆனால் அதற்காகவே காத்திருக்க வேண்டாம், கதீட்ரலுக்குள் நிறைய வேலை இருக்கிறது.

உள்ளே போனதும் எல்லாரும் எடுப்பது கத்தரிக்கோல் வளைவுகளை. தப்பே இல்லை, எடுக்க வேண்டியதுதான். 1313இல் தொடங்கி நடுக்கோபுரத்தை உயர்த்திக் கட்டினார்கள், அடித்தளம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் விரிசல் விட்டது, வில்லியம் ஜாய் என்ற தலைமைக் கொத்தனார் 1338க்கும் 1348க்கும் இடையில் ஒரு வளைவின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்தார். பார்த்தால் போன வருஷம் கட்டியது போல இருக்கிறது. நடுப்பாதையில் சரியாக மையத்தில் நின்றுகொள்ளுங்கள், ஓரடி தள்ளினாலும் சமச்சீர் போய்விடும், அப்புறம் கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் திருந்தாது. தரையில் வரிசையாக நாற்காலிகள் இருக்கும், அவை வேண்டாமென்றால் கேமராவை உயர்த்திக் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து, இரண்டு வளைவுகள் ஒன்றின் ஊடாக இன்னொன்று தெரிகிற மாதிரி எடுத்தால் வழக்கமான படத்தைவிட நன்றாக வரும், அதை ஏனோ யாரும் செய்வதில்லை.

கட்டடம் சிலுவை வடிவம், அதன் தெற்குக் கையில் தூண்களின் தலைப்பை அண்ணாந்து பாருங்கள். வாயில் விரலை விட்டுப் பல்வலியில் முகம் கோணி நிற்கும் ஓர் ஆள். இன்னொரு தூணில் பழம் திருடுகிறவர்கள், அவர்களைத் துரத்திப் பிடிக்கும் தோட்டக்காரர், தூணைச் சுற்றி நடந்தால் கதை முடிகிறது. வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ 3200 வரை போகத் தயங்காதீர்கள், கல்லில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடிமுழுகிப் போகாது. வடக்குக் கையில் 1390 வாக்கில் செய்த கடிகாரம் இருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை குதிரை வீரர்கள் சுற்றி வருவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் அதே ஆள்தான் அடிவாங்கிச் சாய்வான். அங்கே ஷட்டரை 1/125க்குக் கீழே விட வேண்டாம்.

ஆனால் வெல்ஸுக்கு நான் போனதே படிக்கட்டுக்காகத்தான். கதீட்ரல் குருமார்கள் கூடிப் பேசும் மண்டபமான சாப்டர் ஹவுஸுக்கு ஏறும் அந்தப் படிகளை 1903இல் ஃப்ரெடெரிக் எவன்ஸ் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் படம் எடுத்து, படிகளின் கடல் என்று பெயர் வைத்தார். காலடிகள் பட்டுப் பட்டு நடுவில் குழிந்துபோன படிகள் வலப்பக்கம் வளைந்து ஒரு வாசலுக்குப் போகின்றன, நேரே இன்னொரு வரிசை ஏறிப்போகிறது. நேரே போவது 15ஆம் நூற்றாண்டில் செயின் கேட் பாலம் கட்டியபோது சேர்த்தது. பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் அந்த அலை எழும்புகிறது. அவர் நின்ற இடத்தில் நின்று பாருங்கள், கல்லின் விளிம்பில் வழுவழுப்பும் குழியில் நிழலும் தனித்தனியாகத் தெரியும். ஆள் இல்லாமல் எடுக்க நான் வெகுநேரம் சுவரோரம் நின்றேன், வருத்தமே இல்லை. மேலே 1306இல் முடித்த எண்கோண மண்டபம், ஒற்றைத் தூணிலிருந்து 32 விலாக்கள் விரிகின்றன. வைட் லென்ஸ் இருந்தால் தூணடியில் உட்கார்ந்து மேல்நோக்கி எடுங்கள்.

வெளியே வந்ததும் விகார்ஸ் க்ளோஸ், கதீட்ரல் பாடகர்களுக்காகக் கட்டிய வீடுகளின் தெரு. இதுவும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான், இரு பக்கமும் உயரமான புகைபோக்கிகள். மேலே போகப் போகத் தெரு குறுகுகிறது, அதனால் கீழிருந்து எடுத்தால் இருப்பதைவிட நீளமாகத் தெரியும், மேலிருந்து எடுத்தால் குட்டையாகிவிடும். இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீடுகளில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் லென்ஸை நீட்ட வேண்டாம்.

சில நடைமுறை விஷயங்கள். ஊரில் ரயில் நிலையம் கிடையாது, பாத் அல்லது பிரிஸ்டலிலிருந்து பஸ்தான். கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாலை வெயில் நன்றாக இருந்தால் கிளம்ப மனசு வராது. டிரைபாட் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள், நான் கையில் பிடித்தே சமாளித்தேன். வழிபாடு தொடங்கினால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு உட்காருங்கள், பாடல் அவ்வளவு நன்றாக இருக்கும். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், மழை நாளில் போனால் நாலரை.