பாட்டிலுக்குப் பத்து ரூபாய் ஏறியது, பால் ஏறவில்லை

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு எட்டு மாதமாகக் கண்ணாடி பாட்டில் பால் வருகிறது. கம்பெனி பெயர் வேண்டாம், ஆப்பில் தேடினால் இதே மாதிரி நாலைந்து கிடைக்கும், எல்லாருமே பண்ணையிலிருந்து நேராக உங்கள் வாசலுக்கு என்றுதான் சொல்கிறார்கள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பால் அருமை. காய்ச்சி ஆறவைத்தால் விரலால் மடித்து எடுக்கிற அளவுக்கு ஆடை படிகிறது, டிகாக்‌ஷன் ஒரு கை கூடுதலாக விழுந்துவிட்டாலும் காபி கருத்துப்போவதில்லை, தயிர் கரண்டியில் துண்டாக வருகிறது. ஆறு மணிக்குள் கேட்டில் மாட்டிய பையில் பாட்டில் இருக்கும். லிட்டர் 90 ரூபாய், வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் மாமியார் பாராட்டிய ஒரே செலவு இதுதான் என்பதால் தொடர்ந்தேன்.

ஏப்ரல் நடுவில் ஒரு மெசேஜ் வந்தது. கோடையில் பால் வரத்து குறைந்துவிட்டது, விவசாயிகளுக்குக் கூடுதல் விலை கொடுத்து வரத்தைக் கூட்டப்போகிறோம், அதனால் 1ஆம் தேதி முதல் லிட்டர் 100 என்று. சரி, மாடு வைத்திருப்பவருக்குத்தானே போகிறது, போகட்டும் என்று ரீசார்ஜ் செய்தேன். மே மாதம் முழுக்க பதினொரு நாள் பாட்டிலே வரவில்லை, வந்த நாட்களிலும் பாதி நாள் அரை லிட்டர்தான். "இன்று டெலிவரி இல்லை" என்கிற தகவல் காலை ஐந்தே முக்காலுக்கு வருகிறது, அதற்குள் அடுப்பில் டிகாக்‌ஷன் இறங்கிவிடுகிறது, அப்புறம் நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஆவின் பூத்துக்கு ஓட்டம்.

ஆரணி பக்கம் என் சித்தப்பா ஆறு கறவை வைத்திருக்கிறார். அவரிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். "ஏம்மா, நீ பத்து ரூபா ஏத்திக் குடுத்தா நாளைக்கு என் மாட்டு மடி பெருசாயிடுமா? இன்னைக்கு சினை ஊசி போட்டா கன்னு போட ஒன்பது மாசத்துக்கு மேல ஆகும், கெடேரி கன்ன வளத்து கறவைக்கு வரணும்னா ரெண்டரை, மூணு வருசம்." உடனே செய்ய முடிந்ததெல்லாம் புண்ணாக்கும் தீவனமும் கொஞ்சம் கூட்டி வைப்பதுதானாம், அதில் மாட்டுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் ஏறினால் பெரிய விஷயம், அதுவும் வெயிலில் மாடு தீனியே சரியாக எடுக்காதபோது எங்கே ஏறுவது. ஆனால் விலை இறங்கினால் கதை வேறு. முதலில் புண்ணாக்கைக் குறைப்பார்கள், ஒரே வாரத்தில் கறவை இறங்கிவிடும், அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால் மாடு சந்தைக்குப் போய்விடும். போன மாடு விலை ஏறினாலும் திரும்பி வராது, சித்தப்பா இரண்டை அப்படித்தான் விற்றார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. விலை ஏறினால் உடனே நடப்பது பால் ஆள் மாறுவது. ஊரில் கறக்கிற பால் அதே பால், ஆவினுக்குப் பால் சேர்க்கிற கூட்டுறவு சொசைட்டிக்குப் போகிற கேன் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிற தனியார் வண்டியில் ஏறும், அவ்வளவுதான். நாம் பேப்பரில் படித்ததும் அதுதானே? 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு 32லிருந்து 35, எருமைப்பாலுக்கு 41லிருந்து 44 ஆனது. கார்டு இல்லாத நமக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதாவது கொழுப்பு அதிகமான பால், லிட்டர் 48லிருந்து 60க்குத் தாவியதும் அப்போதுதான். அடுத்த மார்ச்சிலேயே பசும்பாலுக்கு 42 வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் போராடினார்கள், தனியார் கூடுதலாகக் கொடுத்ததால் பால் அந்தப் பக்கம் சாய்ந்தது, அமுல் வேறு கிருஷ்ணகிரியில் கொள்முதலுக்கு இறங்கியது என்று மே மாதம் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2023 டிசம்பரில் ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது.

ஆக இந்த பாட்டில் கம்பெனிக்கும் பால் கூட வேண்டுமானால் பக்கத்து வண்டியைவிட அதிகமாக, அதுவும் பத்து நாளுக்கு ஒருமுறை பாக்கி வைக்காமல் கொடுக்க வேண்டும். என்னிடம் ஏற்றிய பத்தில் மாட்டுக்காரர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கஸ்டமர் கேரில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது, கூடவே ஒரு பூ. பத்தும் போயிருந்தால் பால் இவ்வளவு மோசமாகக் குறைந்திருக்காது என்பது என் சந்தேகம், சித்தப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

பாலுக்கு 5க்கு நாலரை, சர்வீஸுக்கு இரண்டு. வாங்கலாமா என்றால் ஐப்பசிக்கு மேல் வாங்குங்கள், மழை பெய்து பசுந்தீவனம் கிடைக்கிற நாட்களில் வரத்துக்குப் பஞ்சமில்லை. கோடைக்கு முழு மாதக் காசை முன்கூட்டியே கட்டாதீர்கள். நான் இப்போது அரை லிட்டர் பாட்டில், தயிருக்கும் டீக்கும் பூத் பாக்கெட் என்று மாற்றிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்த நாலு காலி பாட்டிலுக்கு டெபாசிட் 200 ரூபாய் இன்னும் வரவில்லை, வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.