பாம்பு விரட்டிக்கு 7,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் முடிச்சூர்ப் பக்கம். 2015 வெள்ளத்தில் அடையாறு புகுந்த ஏரியா. ஐப்பசி மழை பிடித்தால் பக்கத்துக் காலி மனைகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பொந்துகளில் கிடந்ததெல்லாம் மேடு தேடி எங்கள் வாசற்படிக்கு வரும். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் எங்களுக்குப் பழகிப்போனவை. போன மாதம் வந்தது கட்டுவிரியன் குட்டி. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தது. என் மூன்று வயதுப் பையன் செருப்பை இழுத்துப் போட்டு விளையாடும் இடம் அது.

அன்று இரவே போனில் தேடியபோதுதான் அந்த ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. சோலாரில் ஓடும் பாம்பு விரட்டி, மண்ணில் நடும் நான்கு குச்சிகள், 7,800 ரூபாய். நம்பரைப் போட்டுவிட்டு, விலையைப் பார்த்துத் தயங்கினேன். அரை மணி நேரத்தில் அவர்களே கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல், அவ்வளவு அன்பு.

"அக்கா, எங்க வீட்லயும் சின்னக் குழந்தை இருக்கு. நாங்களே இதைத்தான் நட்டு வெச்சிருக்கோம். பாம்புக்கு மண்ணோட அதிர்வுதான் தெரியும். இது அதிர்ந்துக்கிட்டே இருக்கும், கிட்டவே வராது."

பாம்பு தரையின் அதிர்வை உணரும் என்பது உண்மை. அந்த ஒரு உண்மையும் அந்தக் குழந்தையும் போதுமாக இருந்தது எனக்கு. பொருளைக் கண்ணால் பார்க்கும் முன்பே 7,800 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

நேற்று எட்டரை மணிக்கு அத்தை வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, அந்தப் பச்சை லைட்டுகிட்ட கயிறு கெடக்குது, எடுத்து வையேன்." டார்ச் அடித்தேன். கயிறு தலையைத் தூக்கியது. நல்ல பாம்பு. வால் குச்சியைச் சுற்றியிருந்தது. அதன் பக்கத்திலேயே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அந்த 'ட்ர்ர்ர்' சத்தமும் வந்துகொண்டிருந்தது.

101-க்கு அடித்தோம். வந்த தீயணைப்பு வீரர் பாம்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்தார். "வெளிவட்டச் சாலையில ராத்திரி பூரா லாரி ஓடுதும்மா, தரையே அதிருது. அதுக்கே பயப்படாத பாம்பு இதுக்கா பயப்படும்?" என்றார். பிறகு சுவரோரம் இருந்த செங்கல் குவியலைக் காட்டினார். உள்ளே எலி வளை.

காலையிலிருந்து அந்தக் கடைக்கு நான்கு முறை பேசிவிட்டேன். முதலில் "மழையில சார்ஜ் ஏறியிருக்காது." விளக்கு எரிந்ததே என்றால், "பாம்பு பழக்கத்தை விட ரெண்டு மாசம் ஆகும் மேடம்." அடுத்த ஆள் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: "உள்ள இருந்த பாம்பு வெளிய ஓடுறப்பதான் நீங்க பாத்திருப்பீங்க." கடைசியில், திருப்பித் தரும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்த 'அக்கா' எங்கே போனது? இப்போது என் நம்பரிலிருந்து அழைப்பே போவதில்லை. 7,800 ரூபாய் எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பையன் எழுந்துவிட்டான். அதனால் சுருக்கமாக. முன்பணம் கேட்டால் வாங்காதீர்கள். கதவடி இடுக்கை அடையுங்கள். எலியை ஒழியுங்கள். தரையில் படுக்காதீர்கள், கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பை அடிக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம். என்னைப் போல ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன்.

செங்கலை அள்ள நாளைக் காலை ஆள் வருகிறார். கூலி 900 ரூபாய்.