எதைக் கேட்டாலும் "இயற்கைன்னா அப்படித்தான் சார்"

கலப்படமில்லாத சமையல் பொருள்களைக் கட்டுப்படியாகும் விலையில் தருகிற இடம் ஒன்றைப் பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. தேன், மஞ்சள்தூள், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், மிளகு, முழுக் கோதுமை மாவு. எல்லாம் நேரடியாக விவசாயிகளிடமிருந்து வருகிறதாம், இடைத்தரகர் கிடையாதாம், அதனால்தான் கடை விலையில் பாதியாம். சாக்குப் பைமேல் மூங்கில் கூடை, அதில் மஞ்சள் கிழங்கு என்று படமும் அழகாக இருந்தது.

முதலில் கொஞ்சமாகத்தான் வாங்கினேன். நன்றாகவே இருந்தது. எண்ணெயைத் திறந்ததும் வறுத்த கடலை வாசம் சமையலறை முழுக்கப் பரவியது. அண்ணியிடம் சொன்னேன், அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதத்துக்கான பொருள், முழுப் பணமும் முன்கூட்டியே. முதல் தடவை வந்த நல்ல சரக்கு தூண்டிலில் குத்திய புழு என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் தடவை வந்த எண்ணெய் தண்ணீர்போல் வெளுத்திருந்தது, மணமே இல்லை. நிறத்தையும் மணத்தையும் நீக்குவதுதான் சுத்திகரிப்பு. செக்கு எண்ணெயில் இரண்டும் இருக்கும். விற்றவருக்குப் போன் செய்து கேட்டேன். "இயற்கைன்னா அப்படித்தான் சார், ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும்" என்றார். சரி, இருக்கலாம் என்று விட்டேன்.

மாவு மூட்டையைத் திறந்த அண்ணிதான் முதலில் முகம் சுளித்தார். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் அரைத்து நாளாக ஆக அது சிக்குப் பிடித்துவிடும். அரைத்த தேதி எங்கேயும் போடவில்லை. "அது இயற்கை மணம்." மாவில் புழு நெளிகிறதே? "மருந்து அடிக்கலைன்னு அதுவே சாட்சி சார்." எந்தக் குறையைச் சொன்னாலும் அதையே பெருமையாகத் திருப்பிவிடுகிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. இந்த ஒரு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம் என்று எனக்குப் புரியவே மூன்று போன் ஆயிற்று.

தேன் விஷயத்தில் நானும் முட்டாளாகியிருக்கிறேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. அசல்தான் என்று அண்ணியிடம் பெருமையடித்தேன். கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே மாதிரிதான் அடியில் உட்காரும் என்பது பிறகுதான் தெரிந்தது. தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்திப் பார்க்கும் சோதனையும் இதே கதைதான். கரும்பு, சோளப் பாகு கலந்திருந்தால் கார்பன் அணு வகைகளின் விகிதத்தைப் பார்க்கும் ஐசோடோப் சோதனை ஆய்வகத்தில் காட்டிக்கொடுக்கும்; அரிசிப் பாகு அதற்கும் தப்பிவிடும், வேறு சோதனைகள் வேண்டும். ஆய்வகமே இவ்வளவு பாடுபடும்போது என் டம்ளர் தண்ணீர் எதைக் கண்டுபிடிக்கும்? நல்ல தேன் உறையவே உறையாது என்று வேறு அந்த ஆள் அடித்துச் சொன்னார். அதுவும் தப்பு. குளூக்கோஸ் அதிகமுள்ள தேன் தானாகவே உறையும்.

மஞ்சள்தூளைப் பார்த்ததும்தான் கோபம் பயமாக மாறியது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டதும் சாயம் கரைவதுபோல் அடர் மஞ்சளாக ஓடியது. நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள் என்கிற சாயத்தையும், அதைவிட மோசமாக, ஈயம் கலந்த லெட் குரோமேட்டையும் மஞ்சள்தூளில் சேர்க்கிறவர்கள் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மொத்தத்தையும் குப்பையில் போட்டேன்.

கடைசியாகச் சான்றிதழ் கேட்டேன். உடனே படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் வேறு நிறுவனத்தின் பெயர், காலாவதியான தேதி, பொருள் பட்டியலில் வெறும் தானியங்கள். தேனும் எண்ணெயும் அதில் இல்லவே இல்லை. இயற்கை வேளாண்மைச் சான்று என்பது இன்னார், இன்ன பொருள், இந்தத் தேதி வரை என்றுதான் தரப்படும். சான்றிதழின் எண்ணைச் சொல்லி, அதைத் தந்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. இதைச் சொன்னதும் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்கிறார்கள்.

இப்போது எப்படி வாங்குகிறேன் என்று கேட்பவர்களுக்கு: தூளாக எதையும் வாங்குவதில்லை. மஞ்சளைக் கிழங்காக, மிளகை மணியாக, பட்டையைப் பட்டையாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்கிறேன். முழுப் பொருளில் கலப்படம் செய்வது தூளில் செய்வதைவிடக் கடினம். அசல் இலவங்கப்பட்டை மெல்லிய அடுக்குகள் பல சுருண்டு, கையால் நொறுக்கும்படி இருக்கும். மலிவாகக் கிடைக்கும் காசியா என்கிற வேறு மரத்துப் பட்டை ஒரே தடித்த ஓடு. அப்புறம், சரக்கு வேகமாக விற்றுத் தீரும் சாதாரண மளிகைக் கடைதான் எனக்கு ஒத்துவருகிறது. அறுவடை முடிந்த கையோடு நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். விலை குறைவது இப்படித்தான், மூங்கில் கூடைப் படத்தால் அல்ல. உப்புக்கெல்லாம் "இயற்கை" என்று கூடுதலாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பழுப்புச் சர்க்கரையும் பல சமயம் வெள்ளைச் சர்க்கரையில் கரும்புப் பாகுக் கழிவைத் திரும்பக் கலந்ததுதான்.

நேற்று அண்ணி ஒரு படம் அனுப்பினார், வேறொரு குழுவில் வந்ததாம். அதே சாக்குப் பை, அதே மூங்கில் கூடை, அதே மஞ்சள் கிழங்கு. விற்பவர் பெயர் மட்டும் வேறு.