நடையா, எடையா, நீச்சலா? அறுபதுக்கு மேல் எது கைகொடுக்கும்

அறுபதைத் தாண்டியவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "தினமும் வாக்கிங் போங்கள்." தவறில்லை. பணம் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், நல்ல காலணி இருந்தால் போதும். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றுக்கும் நல்லது. பத்தாயிரம் காலடி எட்டவில்லையே என்ற கவலையும் தேவையில்லை. அந்த எண் எந்த மருத்துவ ஆய்விலும் பிறக்கவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்தது. சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், தினம் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை.

நடை ஒன்றே போதும் என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடுகிறது. சமதரையில் நடப்பது தொடைக்கு அவ்வளவு வேலை வைப்பதில்லை. பூங்காவை ஐந்து சுற்று சுற்றுகிறவரும், பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைத் தேடுகிறார்.

அங்கேதான் எடைப் பயிற்சி ஜெயிக்கிறது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசிவரை செய்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது என்று 1990இல் முடிவு வெளியானது. தொண்ணூறு வயதில்! பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும் வலு 32 சதவீதம் இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருந்தால், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம். அது எளிதானதும் கையில் தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொள்ளலாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறும்.

நீச்சல் மூட்டுவலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் உடல் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதனால் பெரிய லாபமில்லை. எலும்பு அடர்த்தி குறைந்த (ஆஸ்டியோபோரோசிஸ்) பெண்கள் அதை மட்டும் நம்பக் கூடாது.

விழாமல் இருப்பதில், மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய்ச்சியை மிஞ்சுவது கடினம். அமெரிக்காவின் ஓரிகானில் எழுபது வயதைக் கடந்த 670 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். நம் ஊரில் அதற்கு ஆசிரியர் கிடைப்பது அரிது. சுவரோரம் ஒற்றைக் காலில் நின்று செய்யும் விருட்சாசனமும் சமநிலைக்கான பயிற்சிதான். யோகா என்றதும் சிரசாசனத்துக்குப் பாய்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம்: கண்ணழுத்த நோய் இருப்பவர்களுக்கு அது ஆபத்து. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனியும் ஆசனங்களையும் விட்டுவிட வேண்டும்.

ஆகவே என் வரிசையில் முதலில் எடை, அடுத்து சமநிலை, பிறகு நடை. உலக சுகாதார நிறுவனம் ஒன்றையும் விடச் சொல்லவில்லை: வாரம் 150 நிமிடமாவது வேகநடை போன்ற பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65ஐக் கடந்தவர்கள் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. நேரம் குறைவென்றால் நடையில் கொஞ்சம் வெட்டுங்கள்.

என் வரிசையில் தங்கள் ஆட்டம் இல்லையே என்று ஷட்டில் ஆடுகிறவர்கள் கோபிப்பார்கள். கோபன்ஹேகனில் பல்லாண்டு நடந்த ஆய்வில், உடலுழைப்பே இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும், ஷட்டில் ஆடியவர்கள் 6.2 ஆண்டும், மெல்லோட்டக்காரர்கள் 3.2 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆயுளைக் கூட்டியது ஆட்டமா, ஆட வைத்த வசதியும் நண்பர்களுமா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஆடுகிறவர் நிறுத்த வேண்டாம். அறுபத்தைந்தில் புதிதாக மட்டையைத் தூக்குபவர் முதலில் மூன்று மாதம் தொடையை வலுவாக்கிவிட்டுக் களத்தில் இறங்கட்டும்.